சொக்சோ போர்டு தேதியைச் சீக்கிரம் கேட்டு வாங்குவது எப்படி?

என் மாமா பினாங்கு, பிறையில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்தவர். சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனதும் வேலை நின்றது. மலேசியத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில், நோயால் வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கான ‘ஈலாட்’ பென்ஷனுக்கு மனு போட்டோம். மருத்துவர்கள் உட்கார்ந்து முடிவு சொல்லும் ‘ஜெமாஆ டோக்டோர்’, அதாவது நம் ஆட்கள் ‘போர்டு’ என்று சொல்வது, எப்போது வரும் என்று நான்கு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில்தான் தெரிந்தது, மருத்துவ அறிக்கையை யாருமே கேட்கவில்லை. அலுவலகம் கேட்டிருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். தப்பு எங்களுடையதுதான்.

அதற்குப் பிறகு பட்டர்வொர்த், பிறை பக்கம் நான்கைந்து குடும்பங்களுக்கு இந்த வேலையில் கூடமாட இருந்திருக்கிறேன். முதல்முறை செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. எந்தக் கணக்கில் போகிறீர்கள்?

சொக்சோவில் இரண்டு வழி உண்டு. வேலையிடத்தில் அடிபட்டது, வேலைக்குப் போகும் வரும் வழியில் விபத்து, தொழிலால் வந்த நோய் இவையெல்லாம் ஒரு திட்டம். அதில் குறைந்தது 4 நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) இருந்தால், எம்சி காலத்துக்குச் சராசரி தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். பணமுடைக்கு முதல் மருந்து அதுதான். சிலர் அதை விட்டுவிட்டு நேராகப் பென்ஷனைத் தேடுகிறார்கள்.

வேலையோடு சம்பந்தமில்லாத நோய் என்றால் ஈலாட். நல்ல உடம்போடு இருக்கும் ஒரு தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இனி சம்பாதிக்க முடியாது என்பதைப் போர்டு ஒப்புக்கொள்ள வேண்டும். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதைப் பற்றியே.

2. ஈலாட் நோட்டீஸை (மனுவை) முதலில் போடுங்கள்

எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். முழு பென்ஷனுக்கு, நோட்டீஸ் போடும் மாதத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா இருக்க வேண்டும். விடாமல் சந்தா கட்டிவந்த ஒருவர் வேலை நின்று 16 மாதம் வீட்டில் இருந்தால் கணக்கு சரியாக 24. பதினேழாவது மாதம் 23 ஆகிவிடும். சொக்சோவில் சேர்ந்த நாள் முதல் மூன்றில் இரண்டு பங்கு மாதங்களுக்குக் கட்டியிருந்தாலும் முழு பென்ஷன் உண்டு, மூன்றில் ஒரு பங்குக்குக் கட்டியிருந்தால் குறைந்த பென்ஷன் உண்டு. இரண்டிலும் குறைந்தது 24 சந்தா வேண்டும். ஆனாலும் எளிய கணக்கு கையில் இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. அறுபது வயதை நெருங்குகிறவர்களுக்கு இது இன்னும் அவசரம்.

3. ஃபைல் எங்கே நிற்கிறது?

அவசரம் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கண்டுபிடியுங்கள். போர்டு தேதிதான் தாமதம் என்று எல்லோரும் நினைக்கிறோம். நான் பார்த்தவரை ஃபைல் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே வேறு எங்கோ படுத்திருக்கும். பெரும்பாலும் மருத்துவமனை ரெக்கார்டு பிரிவில், இல்லையென்றால் பழைய முதலாளியின் மேசையில்.

கவுண்டரில் “என்ன ஆச்சு?” என்று கேட்டால் “புரோசஸ்ல இருக்கு” என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: “மருத்துவ அறிக்கையை நாங்கள் வாங்கித் தரணுமா, நீங்கள் எழுதிக் கேட்டிருக்கிறீர்களா? எந்தத் தேதியில் கேட்டீர்கள்? முதலாளி தரப்பிலிருந்து எல்லாம் வந்துவிட்டதா? வேறு ஏதாவது குறையா?” பதிலை ஒரு நோட்டில் தேதியோடு, பேசியவர் பெயரோடு எழுதுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், நோட்டு. மூன்று வாரம் கழித்து அந்த நோட்டுதான் பேசும்.

அறிக்கை மருத்துவமனையில் நிற்கிறது என்றால் சொக்சோவுக்கு எத்தனை கடிதம் எழுதினாலும் பயனில்லை. ரெக்கார்டு பிரிவுக்குப் போய், மனு எண்ணைச் சொல்லி, எந்த ஸ்பெஷலிஸ்ட்டின் கையெழுத்துக்கு நிற்கிறது என்று கேட்டு, அடுத்த கிளினிக் நாளில் அந்த மருத்துவரிடமே பணிவாக நினைவுபடுத்துங்கள். மாமாவின் அறிக்கை அப்படித்தான் கைக்கு வந்தது.

4. கடிதம்

எல்லாம் சேர்ந்தும் தேதி வரவில்லை என்றால் இப்போது கடிதம். மலாயில் எழுதுங்கள். தலைப்பு: “பெர்மோஹோனான் மெம்பெர்செபாட்கான் தாரிக் சிடாங் ஜெமாஆ டோக்டோர்”, அதாவது போர்டு தேதியை முன்கூட்டித் தரக் கேட்கும் மனு.

அமெரிக்காவில் ஊனமுற்றோர் உதவித்தொகை விசாரணைக்குக் காத்திருப்பவர்கள் முன்கூட்டியே தேதி கேட்க முடியும். கடும் நெருக்கடி என்று அங்கே கொள்ளும் அளவுகோல் எளிமையானது: சாப்பாடு, மருந்து, தங்கும் இடம். இதில் ஒன்று இல்லை, அதைச் சரிசெய்ய வழியும் இல்லை என்று காட்ட வேண்டும். உயிர் பிழைக்க முடியாத நோய் என்றால் அது தனியாக முன்னுரிமை பெறும். அது அந்த ஊர் விதி, இங்கே செல்லாது. ஆனால் கடிதம் எழுத அந்த மூன்று தலைப்பும் நல்ல உதவி. நம் ஆட்கள் எழுதும் கடிதங்களில் “மிகவும் கஷ்டப்படுகிறோம், தயவு காட்டுங்கள்” என்று இரண்டு பக்கம் இருக்கும், ஒரு தேதிகூட இருக்காது. படிக்கும் அதிகாரி எதை வைத்து மேலே எடுத்துக்கொண்டு போவார்?

ஒரே பக்கம் போதும். இந்த மாதிரி:

“நான் இன்ன தேதியில் ஈலாட் நோட்டீஸ் கொடுத்தேன். மருத்துவ அறிக்கை இன்ன தேதியில் சேர்ந்தது. வேலை நின்று 7 மாதம் ஆகிறது. வீட்டு வாடகை 3 மாதம் பாக்கி, மொத்தம் 1,650 ரிங்கிட். இம்மாதம் 30ஆம் தேதிக்குள் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். டயாலிசிஸுக்குப் போய்வர வண்டிச் செலவுக்குப் பணமில்லாமல் சென்ற மாதம் இரண்டு முறை போகவில்லை. இந்த நிலையைக் கருதி அருகில் உள்ள போர்டு தேதியில் என் பெயரைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

தொகையும் தேதியும் எங்கள் கற்பனை, உங்களுடையதைப் போடுங்கள். கூட்டிச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கட்டும்: வீட்டுக்காரர் கடிதம், மின்சாரம் வெட்டப்படும் என்ற அறிவிப்பு, பேங்க் ஸ்டேட்மெண்ட், டயாலிசிஸ் வருகைப் பதிவு. வீட்டுக்காரர் வாயால் மட்டும் சொன்னால் எழுதி வாங்குங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். என் அத்தை அதற்கு மட்டும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்.

படுத்த படுக்கை என்றால் அதையும் எழுதி, நேரில் வர முடியாதவருக்கு எப்படிப் பரிசோதனை நடக்கும் என்று கேளுங்கள். டயாலிசிஸ் நாட்களையும் மறக்காமல் போடுங்கள். இல்லையென்றால் அவசரமாகக் கேட்டு வாங்கிய தேதி அதே நாளில் வந்து நிற்கும்.

5. எங்கே கொடுப்பது

ஃபைல் இருக்கும் கிளையில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத நகல் வெறும் தாள். இரண்டு வாரம் பாருங்கள். பதில் இல்லை என்றால் அந்த நகலோடு கிளை மேலாளரைப் பார்க்க நேரம் கேளுங்கள். அதற்கும் மேலே கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் தலைமையகம் இருக்கிறது. தொகுதி ஒய்பியிடம் (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரிடம்) ஆதரவுக் கடிதம் வாங்கலாம், பலரும் வாங்குகிறார்கள். ஆனால் காகிதம் குறைவான ஃபைலை எந்த ஒய்பியாலும் நகர்த்த முடியாது. யாராவது “நான் முடித்துத் தருகிறேன், ஐந்நூறு கொடு” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மனு போட ஏஜெண்ட் தேவையே இல்லை.

6. அதுவரை அடுப்பு எரிய

இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) வேறு, சொக்சோ வேறு. இரண்டிலும் கேட்கலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது. 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2024 மே முதல் வந்த ஃபிளெக்ஸிபல் கணக்கில் பணம் இருந்தால் 50 ரிங்கிட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வேலை செய்ய முடியாத உடல்நிலைக்கான தனி மனுவும் இபிஎஃப்பில் உண்டு, அதற்கும் மருத்துவர் சான்று வேண்டும். எனவே மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டு படிவத்தையும் ஒரே நாளில் நீட்டுங்கள்.

சமூகநல இலாகாவில் ஓகேயு கார்டும் (மாற்றுத்திறனாளி அட்டை) மாத உதவியும் கேளுங்கள். சாப்பாட்டுக்கே இல்லை என்ற நிலை என்றால் தாலியான் காசே உதவி எண் 15999க்கு அழையுங்கள். பினாங்குக்காரர்கள் ஓகேயு கார்டு வந்ததும் மாநில அரசின் ஐ-செஜாத்ரா உதவித் திட்டத்திலும் பதிந்துகொள்ளுங்கள். சிறுநீரக நோயாளிகள் டயாலிசிஸ் செலவுக்குச் சொக்சோவிலேயே உதவி உண்டா என்று தனியாகக் கேளுங்கள். பென்ஷன் பேச்சில் இது அடிபட்டுப்போகிறது.

7. போர்டு நாள்

மைகார்ட் (அடையாள அட்டை), எல்லா எம்சி, மருந்துப் பட்டியல், ஸ்கேன் படங்கள். கூட ஒருவர் போங்கள். “எப்படி இருக்கீங்க?” என்று மருத்துவர் கேட்டதும் “பரவாயில்லை டாக்டர்” என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. மாமாவும் அதைத்தான் சொன்னார். மாடிப்படி ஏறினால் எத்தனை படியில் மூச்சு வாங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்க முடியும், டயாலிசிஸ் முடிந்த நாள் எப்படிப் போகிறது என்று சொல்ல வேண்டும். நல்ல வேளை, அத்தை பக்கத்தில் இருந்து சொன்னார்.

முடிவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டு மருத்துவர் வாரியம் இருக்கிறது. கடிதத்தில் இருக்கும் கெடு தேதியை உடனே காலண்டரில் வட்டமிடுங்கள். முத்திரை வாங்கிய அந்த நகல்களைத் தூக்கிப் போடாதீர்கள், மேல்முறையீட்டு மனுவோடு அவற்றையே மீண்டும் இணைக்க வேண்டியிருக்கும்.