லோடர் டிராக்டருக்குப் பின்பாரம்: எவ்வளவு, எங்கே, எப்படி

மாட்டு வண்டியில் மூட்டை அடுக்கத் தெரிந்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் கணக்கு கைவந்தது. முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும். முன்னால் லோடர், அதாவது மண் அள்ளித் தூக்கும் பக்கெட்டும் அதன் கைகளும், பூட்டிய டிராக்டரிலும் அதே கணக்குதான். ஆனால் அங்கே கழுத்தை உதறி எச்சரிக்க மாடு இல்லை. பின் சக்கரம் லேசாகிவிட்டதை ஓட்டுநர் உணர்வதற்குள் வண்டி சாய்ந்துவிடும்.

சென்னையைச் சுற்றி மணல் யார்டு, செங்கல் சூளை, மாட்டுப் பண்ணை, கட்டுமானத் தளம் எங்கும் 40 முதல் 50 ஹெச்.பி. டூ வீல் டிரைவ் டிராக்டரில் லோடர் பூட்டி ஓட்டுகிறார்கள். இந்த வண்டிகள் உழவுக்கும் டிரெய்லர் இழுக்கவும் செய்யப்பட்டவை. முன் ஆக்சில் ஸ்டியரிங்குக்குப் போதுமான பாரத்தைத் தாங்குகிற அளவில்தான் இருக்கும். அதன் தலையில் அரை டன் மணலைத் தூக்கி வைக்கும்போது, பின்னால் சரியான இடத்தில் சரியான எடையைக் கட்டியே ஆகவேண்டும்.

லோடர் டிராக்டர் முன்பக்கமாகக் குப்புறக் கவிழும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். பக்கவாட்டில் சாய்வதுதான் பெரிய ஆபத்து. டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே ஒரு இரும்பு முளையில் (பிவட் பின்) தொங்குகிறது. மேடு பள்ளத்துக்கு ஏற்ப அது தாராளமாக ஆடும். ஆகவே வண்டியின் உடல் நிற்பது நான்கு புள்ளிகளில் அல்ல, மூன்றில்: முன்னே அந்த நடு முளை, பின்னே இரண்டு சக்கரங்கள். வண்டியைச் சாயாமல் பிடிப்பது பின் சக்கரங்கள் மட்டுமே. பக்கெட் பாரம் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து உரிக்க உரிக்க, முழு எடையும் அந்த ஒற்றை முளையை நோக்கி நகர்கிறது. அந்த நிலையில் ஒரு பக்கச் சக்கரம் சின்னக் குழியில் இறங்கினாலே போதும்.

இன்னொன்று பிரேக். டூ வீல் டிரைவ் டிராக்டரில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான். பின்னால் எடை இல்லையென்றால் பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி நிற்காது.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2,000 கிலோ டிராக்டர், முன்னே 800, பின்னே 1,200. இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 2 மீட்டர். லோடர் சட்டமும் காலி பக்கெட்டும் 400 கிலோ. அதன் எடை மையம் முன் ஆக்சிலுக்கு அரை மீட்டர் முன்னே. பக்கெட்டில் 500 கிலோ மணல், முன் ஆக்சிலுக்கு 1.4 மீட்டர் முன்னே. பின் ஆக்சிலிலிருந்து பறிபோகும் எடை தெரிய, முன்னே உள்ள பாரத்தை அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, ஆக்சில் இடைவெளியால் வகுக்க வேண்டும். லோடருக்கு 100 கிலோ, மணலுக்கு 350 கிலோ. பின்னே மிச்சம் 750. முன் ஆக்சிலில் ஏறியது 2,150. மொத்தம் 2,900 கிலோவில் நாலில் ஒரு பங்குதான் பின்னால் இருக்கிறது.

நின்ற இடத்தில் 750 கிலோ தைரியமாகத் தெரியும். பக்கெட்டை இறக்கிக்கொண்டே வந்து லீவரைச் சட்டென்று விட்டால், அந்தக் குலுங்கலில் 500 கிலோ மணல் ஒரு நொடிக்கு ஆயிரம் கிலோ போல இழுக்கும். பின்னே இன்னும் 350 குறைந்து 400 ஆகும். பேஸ்மெண்ட் பள்ளத்தின் சரிவில் இதே காரியம் நடந்தால் அதுவும் மிஞ்சாது.

இந்த வண்டிக்கு 500 கிலோ பின்பாரம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதை பின் சக்கரங்களிலேயே சேர்த்தால் பின் ஆக்சிலுக்கு 500 கூடும். முன் ஆக்சிலின் 2,150 அப்படியே இருக்கும். அதே 500 கிலோவைத் த்ரீ பாயிண்ட் லிங்கேஜில் (பின்னால் கலப்பை பூட்டும் இடம்: இரண்டு கீழ்க் கைகள், மேலே ஒரு டாப் லிங்க்), பின் ஆக்சிலுக்கு 0.9 மீட்டர் பின்னே தொங்கவிட்டால் பின் ஆக்சிலுக்கு 725 கூடும். முன் ஆக்சிலிலிருந்து 225 குறையும். நெம்புகோல் போல அது முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. முன் ஆக்சில் புஷ், கிங் பின், ஹப் பேரிங், டயர் எல்லாம் தேய்வது குறையும், ஸ்டியரிங்கும் லேசாகும். அதனால் முதல் இடம் லிங்கேஜ் எடைக்குத்தான். டயர் தண்ணீரும் சக்கரத்தில் பூட்டும் வீல் வெயிட்டும் அதற்குத் துணை, தனியாகப் போதாது.

முன் பம்பரில் டிரெய்லருக்காகப் போட்ட இரும்பு வெயிட் இருந்தால், லோடர் பூட்டும் முன் அதைக் கழற்றிவிடுங்கள். நிறைய யார்டுகளில் அது அப்படியே கிடக்கிறது. முன் ஆக்சிலுக்கு அது வெறும் தண்டனை.

கான்கிரீட் கட்டை வார்ப்பது

கடையில் கிடைக்கும் வார்ப்பிரும்பு வெயிட் நல்லதுதான், விலை அதிகம். தளத்திலேயே கான்கிரீட் கட்டை வார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் லிங்கேஜ் எந்த வகை என்று அளந்து பாருங்கள். கீழ்க் கையின் நுனிப் பந்தில் 28 மி.மீ. துளையும் டாப் லிங்கில் 25 மி.மீ. துளையும் இருந்தால் கேட்டகரி 2, 22 மி.மீ., 19 மி.மீ. என்றால் கேட்டகரி 1. கீழே உள்ள அளவு கேட்டகரி 2-க்கானது. லிங்கேஜ் எத்தனை கிலோ தூக்கும் என்பது மேனுவலில் இருக்கும். கட்டை அதற்குள் அடங்க வேண்டும்; பின் ஆக்சில், பின் டயரின் தாங்குதிறனுக்குள்ளும்தான்.

அகலம் 80 செ.மீ., உயரம் 60, முன்பின் கனம் 45. கொள்ளளவு 0.216 கன மீட்டர். கான்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ என்று வைத்தால் 518 கிலோ, கம்பியோடு சேர்த்து 550-ஐ நெருங்கும். 1:1½:3 கலவைக்கு சிமெண்ட் 2 மூட்டை, எம்-சாண்ட் மூன்றரை கன அடி, 20 மி.மீ. ஜல்லி 7 கன அடி போதும்.

28 மி.மீ. பிரைட் ராடு ஒன்று குறுக்கே முழு நீளமும் ஓட வேண்டும். கட்டையின் அடியிலிருந்து 15 செ.மீ. மேலே, டிராக்டரைப் பார்க்கும் முகத்திலிருந்து 12 செ.மீ. உள்ளே அதை வையுங்கள். இரண்டு பக்கமும் கட்டையை ஒட்டி 10 மி.மீ. பிளேட் வெல்டிங் செய்தால் கீழ்க் கைகளுக்கு நடுவே 82 செ.மீ. கிடைக்கும்; கேட்டகரி 2-க்கு அது சரி. பிளேட்டுக்கு வெளியே பந்து முழுதாக உட்கார்ந்து, லிஞ்ச் பின்னுக்கும் (பந்து கழன்றுவிடாமல் செருகும் பூட்டு ஊசி) இடம் மிஞ்சும்படி 8 செ.மீ. ராடு நீட்டியிருக்கட்டும். டாப் லிங்குக்கு இரண்டு 12 மி.மீ. தகடுகள். அதன் துளை கீழ் ராடிலிருந்து சரியாக 61 செ.மீ. உயரத்தில் வரவேண்டும். தகடுகள் கான்கிரீட் வழியாகக் கீழே இறங்கி, குறுக்கு ராடோடு வெல்டிங் ஆகியிருக்க வேண்டும். மேலே மட்டும் புதைத்தால் நாலு நாள் குலுக்கலில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கட்டைகளில் அதிகம் உடையும் இடம் இதுதான்.

சுற்றிலும் 10 மி.மீ. கம்பியை 15 செ.மீ. இடைவெளியில் கூடாகக் கட்டி, 4 செ.மீ. கவரிங் விட்டு, சென்ட்ரிங் ஷீட்டுக்குள் வார்க்கவும். மேலே 16 மி.மீ. கம்பியில் ஒரு கொக்கி விட்டால் செயின் பிளாக்கில் தூக்கலாம். ஈரச் சாக்கு போட்டு 7 நாள் தண்ணீர் விடுங்கள். 28 நாள் ஆன பிறகு பூட்டுங்கள். கான்கிரீட் வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே பலம் வர நாள் எடுக்கும்.

200 லிட்டர் பேரலில் கான்கிரீட் போட்டாலும் 480 கிலோ வரும். வட்டமாக இருப்பதால் லிங்கேஜுக்குச் சட்டம் அடிப்பது சிரமம், அதனால் கட்டையே மேல். இரும்புப் பெட்டி செய்து மணல் நிரப்புகிறவர்கள் அடியில் வடிகால் துளை விடுங்கள். ஐப்பசி மழையில் பெட்டி நிரம்பி, நீங்கள் போட்ட கணக்கு வேறாகிவிடும்.

பூட்டும் வரிசை

லோடர் பூட்டுவதற்கு முன் கட்டையைப் பூட்டுங்கள். லோடர் வண்டியில்தான் இருக்கிறது என்றால், பக்கெட் காலியாகத் தரையில் இருக்கட்டும். சமதளத்தில் ரிவர்ஸ் வந்து இரண்டு கீழ்க் கைகள், பிறகு டாப் லிங்க். செக் செயினை இறுக்கிக் கட்டை பக்கவாட்டில் ஆடாமல் செய்யுங்கள். அரை டன் கட்டை ஊசலாடினால் திருப்பத்தில் அதுவே வண்டியைத் தள்ளும்.

ஹைட்ராலிக் லீவர் விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கட்டையைப் பொசிஷன் கன்ட்ரோலில், அதாவது லீவர் வைத்த உயரத்திலேயே நிறுத்தும் ஏற்பாட்டில், மட்டும் தூக்கவும். டிராஃப்ட் கன்ட்ரோல் உழும்போது மண்ணின் இழுவையை உணர்ந்து தானாக ஏற்றி இறக்கும் ஏற்பாடு. அதில் விட்டால் கட்டை தன்போக்கில் மேலும் கீழும் போகும். தரையிலிருந்து 25 செ.மீ. உயரம் போதும். உயர்த்தினால் எடை மையமும் உயரும், டயரிலும் உரசலாம். முழுதாக ஒருமுறை ஏற்றி இறக்கி, பின் கண்ணாடி, ஃபெண்டர், ஹோஸ் எதிலும் படவில்லை என்று பார்த்துவிடுங்கள். பின் விளக்கை மறைத்தால் கட்டையிலேயே சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

மண் கிளறும் ரோட்டவேட்டரையே பின்பாரமாக வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. எடை சரி. ஆனால் அது அகலமானது. நெருக்கமான யார்டில் திரும்பும்போது கூலி ஆட்களின் காலை அடிக்கும். வேறு வழியில்லாமல் அப்படி ஓட்டினால் அதைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் கழற்றி வையுங்கள். டிரெய்லர் மாட்டும் டிராபாரில் மணல் மூட்டை அடுக்குவதும், ஆளை ஏற்றி நிறுத்துவதும் அறவே கூடாது. மூட்டை நழுவும், ஆள் விழுந்தால் பின் சக்கரத்தின் அடியில்தான் விழுவார்.

டயரில் தண்ணீர்

கட்டைக்கு மேலும் தேவைப்பட்டால் பின் டயரில் தண்ணீர் நிரப்பலாம். நம் ஊரில் தண்ணீர் உறையாது, அதனால் வெளிநாட்டில் போல உப்புக் கரைசல் வேண்டாம். முக்கியமாக உப்பே வேண்டாம்: ஈ.சி.ஆர்., திருவான்மியூர் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீரை ஊற்றினால், டியூப் கசியும் நாளில் ரிம் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரையே பிடியுங்கள்.

சக்கரத்தை ஜாக்கி போட்டு லேசாகத் தூக்கி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். வால்வு உச்சியில் வரும்படி சுழற்றி, வால்வு ஊசியைக் கழற்றித் தண்ணீர் விடுங்கள். இடையிடையே காற்றை வெளியே விடவேண்டும். வால்வில் தண்ணீர் எட்டும்போது முக்கால் பங்கு நிரம்பியிருக்கும், நிறுத்திவிடுங்கள். 13.6-28 டயரில் அது ஏறக்குறைய 200 லிட்டர், அதாவது 200 கிலோ. மிச்சக் கால் பங்குக் காற்றுதான் குலுக்கலைத் தாங்குகிறது. முழுதும் நிரப்பினால் டயர் கல்லாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கட்டும். பஞ்சர் கடைக்குப் போனால் உள்ளே தண்ணீர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எடை மேடையில் சரிபார்ப்பது

மேலே போட்ட கணக்கு மாதிரிதான். உங்கள் வண்டியின் எண்களை லாரி எடை மேடை சொல்லிவிடும். பக்கெட்டில் வழக்கமாக அள்ளும் மணலை நிரப்பி, அதைத் தாழ்வாக வைத்து, முழு வண்டியை ஒருமுறை எடை போடுங்கள். பிறகு பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி ஏற்றி ஒருமுறை. மேடையும் பாதையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பாரத்தோடு பின் ஆக்சிலில் 40 சதவீதம் கிடைத்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். 25-க்குக் கீழே என்றால் அன்றைக்கு லோடர் வேலையே வேண்டாம். மொத்தத்திலிருந்து பின் ஆக்சில் எடையைக் கழித்தால் வரும் முன் ஆக்சில் எடையைப் பாதியாக்கி, முன் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் தாங்குதிறனோடு ஒப்பிடுங்கள். கட்டை பூட்டிய பிறகும் அதைத் தாண்டினால் பின்பாரத்தை மேலும் கூட்டுவது தீர்வல்ல, பக்கெட் அளவைக் குறைப்பதுதான் தீர்வு.

ஒரே பக்கெட் எல்லா நாளும் ஒரே எடை இல்லை. 0.3 கன மீட்டர் பக்கெட்டில் காய்ந்த எம்-சாண்ட் ஏறத்தாழ 480 கிலோ. மழையில் நனைந்தது 600-ஐத் தொடும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்து ஈரக் களிமண்ணும் அதே கனம், அதோடு பக்கெட்டில் ஒட்டிக்கொண்டு கொட்டாமல் நிற்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் முக்கால் பக்கெட் அள்ளுங்கள்.

ஓட்டும்போது பக்கெட் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். டிப்பருக்கு அருகே வந்து நின்ற பிறகு தூக்குங்கள். கைகள் தரைக்கு இணையாக நீளும்போதுதான் பக்கெட் முன்னே அதிகம் எட்டிப்போகிறது. பின் சக்கரம் லேசாவதும் அப்போதுதான். சரிவில் பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில். இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிடுங்கள். வண்டியில் ரோல் பார் (கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டம்) இருந்தால் சீட் பெல்ட்டும் கட்டாயம்.

வேலை நடக்கும்போதே பின் டயரின் தடத்தைக் கவனியுங்கள். காலி பக்கெட்டோடு போன தடத்தில் டயர் பட்டைகள் கூர்மையாகப் பதிந்திருக்கும். பாரத்தோடு போன தடம் அதைவிட மேலோட்டமாக, ஓரம் இழுபட்டுத் தேய்ந்ததுபோல் இருந்தால், பின்பாரம் போதவில்லை.

மாலையில் முதலில் பக்கெட்டைக் காலி செய்து தரையில் வையுங்கள், பிறகு கட்டையையும் தரையில் இறக்குங்கள். லிஃப்டில் தொங்கவிட்டுப் போனால் ராத்திரியில் தானாக இறங்கும். அடியில் நாய் படுத்திருக்கும், குழந்தை விளையாடும். லோடரைக் கழற்றும் நாளில் கட்டையையும் கழற்றிவிடுங்கள். லோடர் இல்லாமல் கட்டையோடு ஓட்டினால் நம் கணக்கின் வண்டியில் முன்னே 575 கிலோதான் நிற்கும். ஏரிக்கரை ஏறும்போது முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது.