அல்ஜீரியக் கவிதைக்குள் நுழைய ஒரு வழி

அல்ஜீரியக் கவிஞர்களை வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சில் எழுதியவர்களிடம்தான் முதலில் போகிறார்கள். கடையில் கிடைப்பதும் ஆங்கிலத்துக்கு அதிகம் வந்திருப்பதும் அந்தப் புத்தகங்கள்தானே. நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன். அந்த நாட்டில் இலக்கிய அரபு, தெருவில் பேசும் அரபு, வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான அமாஸிக் (பெர்பர்) மக்களின் மொழிகள், பிரெஞ்சு என்று பல மொழிகளில் கவிதை இருக்கிறது. கடைசியாக வந்து சேர்ந்தது பிரெஞ்சு. அதற்கு முன்னால் பல நூற்றாண்டுகள் பாட்டு வாய்வழியாகவே வாழ்ந்திருக்கிறது. அதனால் முதலில் காதைக் கொடுங்கள், புத்தகம் அப்புறம்.

தொடங்க வேண்டிய ஆள் சி மொஹந்த் உ ம்ஹந்த். 1840களில், அமாஸிக் மக்களில் ஒரு பிரிவினரான கபிலியர் வாழும் கபிலியா மலைப்பகுதியில் பிறந்தவர். அவருடைய ஊரை இடித்துவிட்டு 1857இல் பிரெஞ்சுப் படை அங்கே கோட்டை கட்டியது. 1871இல் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக மொக்ரானி தலைமையில் நடந்த கிளர்ச்சி தோற்றதும் அவருடைய தந்தையைக் கொன்றார்கள், தந்தையின் சகோதரரை நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தினார்கள், நிலங்களைப் பறித்தார்கள். மார்க்கக் கல்வி கற்று மரியாதையாக வாழ்ந்திருக்க வேண்டிய பிள்ளை, கூலி வேலை பார்த்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். துனிஸ் வரைக்கும் நடந்தே போய்த் திரும்பினார். 1905இல் இறந்தார்.

எதையும் அவர் எழுதி வைக்கவில்லை. ஒரு முறை சொன்ன கவிதையை மறுபடி சொல்வதில்லை என்று சபதம் செய்திருந்தார் என்பார்கள். கேட்டவர்கள்தான் நெஞ்சில் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து பூலிஃபா 1904இலும், மூலூத் ஃபெராவுன் 1960இலும், மூலூத் மம்மெரி 1969இலும் திரட்டித் தொகுத்தார்கள். பாரிஸில் நான் வேலை செய்யும் சமையலறையில் கபிலிய நண்பர் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தன் தாய்மொழியைப் படிக்காதவர். வெங்காயம் நறுக்கும்போது அவர் வாயில் சி மொஹந்த் வருகிறார். தகப்பனிடம் கேட்டுப் படித்ததாம். லா ஷப்பலில் நம் கடைகள் முடிந்து கொஞ்சம் நடந்தால் பார்பெஸ். அங்கே இப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது சிரமமே இல்லை. உங்கள் ஊரில் கபிலியர் யாரும் இல்லையென்றால் யூடியூபில் தேடுங்கள். அவருடைய கவிதைகளைப் பலர் பாடியும் சொல்லியும் இருக்கிறார்கள்.

கேட்டதும் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் சாவி. ஒரு கவிதைக்கு ஒன்பது வரி. மும்மூன்று வரியாக மூன்று கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியிலும் அசை எண்ணிக்கை ஏழு, ஐந்து, ஏழு. முதல் இரண்டு வரியும் ஒரே ஒலியில் முடியும், மூன்றாவது வேறு ஒலியில். அடுத்த இரண்டு கண்ணிகளும் அதே இரண்டு ஒலிகளில்தான் முடிய வேண்டும். நம் இயைபுத் தொடை தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். நானே முயன்று பார்த்த ஒரு கண்ணி இது. புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு விரலில் எண்ணிப் பாருங்கள்:

வீடு விட்டு நடந்தேன்
பசி கடந்தேன்
ஊரை மறக்கவில்லை

இதே 'டந்தேன்', 'வில்லை' முடிவுகளோடு இன்னும் இரண்டு கண்ணி எழுதிப் பாருங்கள். நடுவில் வரும் அந்த ஐந்து அசை வரி எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று கை வலிக்கத் தெரியும். அந்த இறுக்கத்துக்குள் மனிதர் நாடிழந்த துயரத்தையும் குடியையும் காதலையும் ஊர்ப் பெரியவர்கள் மீதான கோபத்தையும் சொல்லியிருக்கிறார். மொழிபெயர்ப்பில் வாசிக்கும்போது ஒன்பது வரியையும் ஒரே மூச்சில் வாசியுங்கள், நடுவில் அடிக்குறிப்புக்குப் போகாதீர்கள்.

இந்தப் பழைய பாட்டுக்கு இன்று என்ன செல்வாக்கு என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு தேதி சொல்வேன்: 1980 மார்ச் 10. பண்டைய கபிலியக் கவிதை பற்றி மம்மெரி அன்று திஸி உஸூ பல்கலைக்கழகத்தில் பேசுவதாக இருந்தது. அதிகாரிகள் அந்தச் சொற்பொழிவைத் தடை செய்தார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஏப்ரலில் கபிலியா முழுவதும் கொந்தளித்தது. இன்றும் அதை அமாஸிக் வசந்தம் என்று நினைவுகூர்கிறார்கள். 2002இல் அமாஸிக் தேசிய மொழியானது, 2016இல் அரசியல் சாசனம் அதை ஆட்சி மொழியாகவும் ஏற்றது. கவிதை பற்றிய ஓர் உரையைத் தடுத்ததிலிருந்து கிளம்பிய போராட்டம் இது. இதைத் தெரிந்துகொண்டு சி மொஹந்தை வாசித்தால் அந்த ஒன்பது வரிகளின் கனம் புரியும்.

அடுத்தது பேச்சு அரபில் உள்ள நெடும்பாட்டு மரபு, மெல்ஹூன். இதில் ஒன்றே ஒன்று போதும்: 'ஹிஸியா'. பிஸ்க்ராவுக்குப் பக்கத்தில் உள்ள சிதி காலித் என்ற ஊரின் கவிஞர் பென் கித்தூன் 1878இல் பாடிய இரங்கற்பா. ஹிஸியா இளவயதில் இறந்துபோன பெண். அவளைக் காதலித்த சயீத் கேட்டுக்கொண்டதால் கவிஞர் பாடினார் என்பது வழக்கு. நல்லவர்களே, எனக்கு ஆறுதல் சொல்லுங்கள் என்று சயீதின் குரலில் தொடங்குகிறது. கெலிஃபி அகமது பாடியதைத் தேடிக் கேளுங்கள். பாலைவனப் பாட்டுக்காரர்களின் இழுத்துப் பாடும் குரல், புல்லாங்குழல் துணை. பிறகு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரிகளைத் தொடருங்கள். அவளுடைய கூட்டத்தார் கோடையில் செத்தீஃப் பக்கத்து மேட்டுநிலத்துக்கு மந்தைகளோடு போய், குளிருக்குப் பாலைவன ஓரத்துக்குத் திரும்புகிறவர்கள். திரும்பி வந்த பயணத்தில் தங்கிய இடங்களையெல்லாம் பாட்டு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கிறது. எனக்கு இந்தப் பாட்டில் அழகுகளை வருணிக்கும் பகுதியைவிட இந்த ஊர்ப்பெயர் வரிசைதான் அதிகம் வலிக்கிறது. கடைசித் தங்கலில் என்ன நடக்கப் போகிறது என்று நமக்குத் தெரியும், பாட்டு அவசரப்படுவதே இல்லை.

இனி பிரான்ஸுக்கு எதிரான விடுதலைப் போர்க் காலத்துச் சிறைக்குப் போகலாம். அல்ஜியர்ஸ் நகரின் பர்பரூஸ் சிறையில் எழுதிய இரண்டு பேரை ஒன்றாக வைத்து வாசிக்கச் சொல்வேன். முதலாமவர் முஃப்டி ஸகரியா, 1908இல் மஸாப் பள்ளத்தாக்கின் பெனி இஸ்கெனில் பிறந்தவர். இன்றைய தேசிய கீதமான 'கஸமன்' 1955இல் அந்தச் சிறைக்குள் அவர் எழுதியது. இசை எகிப்தின் முகமது ஃபவ்ஸி. பிரான்ஸைப் பெயர் சொல்லி அழைத்து, கணக்குத் தீர்க்கும் நாள் வந்துவிட்டது என்று சொல்லும் சரணம் ஒன்று அதில் உண்டு. இன்றுவரை இரு நாடுகளுக்கும் இடையே உரசலாக இருக்கும் வரிகள் அவை. 1956 ஜூன் 19 அன்று அதே சிறையில் விடுதலைப் போராளி அகமது ஸபானாவைக் கில்லட்டினில் கொன்றார்கள். அதைப் பற்றி ஸகரியா எழுதிய கவிதையில் ஸபானா தலை நிமிர்ந்து, மெல்ல நடந்து, கிறிஸ்துவைப் போல வருகிறார். முஸ்லிம் கவிஞர் ஒருவர் தன் தோழனுக்குத் தேர்ந்த உவமை அது. செவ்வியல் யாப்பின் கம்பீரம் முழுவதையும் அந்த நடைக்குக் கொடுக்கிறார். அரபு தெரியாவிட்டாலும் யாராவது வாய்விட்டுச் சொல்லும் பதிவைக் கேளுங்கள்.

இரண்டாமவர் அன்னா கிரேக்கி. 1931இல் பாத்னாவில் பிறந்த ஐரோப்பிய வம்சாவளிப் பெண், ஓரெஸ் மலையின் மெனா கிராமத்தில் வளர்ந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்ததற்காக 1957இல் பிடித்துச் சித்திரவதை செய்து பர்பரூஸில் அடைத்தார்கள். சிறையிலிருந்த பெண்களையும், தன் குழந்தைப் பருவத்து மலையையும் பற்றி எழுதினார். முகவரி எழுதுவது போல, நிர்வாகப் பிரிவின் பெயரோடு மெனாவைக் குறிப்பிடும் கவிதை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள். முதல் தொகுப்பு 1963இல் வந்தது. 1966இல், 34 வயதில், பிரசவத்தின்போது இறந்துவிட்டார். வரலாற்று நூல்கள் இவரை ஒரு வரியில் கடந்து போவது எனக்குப் பெரிய மனவருத்தம்.

கத்தேப் யாசினையும் மாலெக் ஹத்தாத்தையும் இப்படியே ஜோடியாக எடுங்கள். 1945 மே 8 அன்று செத்தீஃபில் விடுதலை கேட்டு ஊர்வலம் போனவர்களைச் சுட்டபோது கத்தேப் பதினைந்து வயது மாணவர். அவரும் கைதானார். மகன் செத்துவிட்டான் என்று நினைத்த தாய்க்குப் புத்தி பேதலித்தது. மறு ஆண்டே முதல் கவிதைத் தொகுப்பு. 1956இல் 'நெஜ்மா' நாவல். பிரெஞ்சு மொழியைப் போரில் கைப்பற்றிய பொருள் என்று சொன்னவர், 1970களில் பேச்சு அரபில் நாடகம் போடத் திரும்பினார். ஹத்தாத்தோ பிரெஞ்சைத் தன் நாடுகடத்தல் என்றார். 1961இல் வந்த அவருடைய கவிதைத் தொகுப்போடு அந்த வேதனையைப் பேசும் கட்டுரையும் சேர்ந்தே இருக்கிறது. கட்டுரையை முதலில் வாசியுங்கள். விடுதலைக்குப் பின் அவர் கவிதையையும் நாவலையும் நிறுத்திக்கொண்டார். 1993இல் அஹ்லாம் மொஸ்தகானெமி தன் புகழ்பெற்ற அரபு நாவலை அவருக்குச் சமர்ப்பணம் செய்தார். மொஸ்தகானெமியும் கவிஞராகத் தொடங்கியவர்தான்.

முகமது டிப்பை நாவலாசிரியராகத்தான் பலருக்குத் தெரியும். 1961இல் வந்த அவருடைய கவிதைத் தொகுப்புக்குப் பிரெஞ்சுக் கவிஞர் அரகோன் முன்னுரை எழுதினார். ழான் செனாக்கை அவசியம் வாசிக்க வேண்டும். ஐரோப்பிய வம்சாவளியில் பிறந்தும் அல்ஜீரிய விடுதலையின் பக்கம் நின்றார். கையெழுத்துக்குக் கீழே ஐந்து கதிருள்ள சூரியன் வரைவார். வானொலியில் கவிதை நிகழ்ச்சி நடத்தி, 1971இல் இளம் கவிஞர்களைத் தொகுத்துத் தந்தார். 1973இல் அல்ஜியர்ஸில் கொலை செய்யப்பட்டார். அந்தத் தொகுப்பில் இருந்த யூசுஃப் செப்தியை, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1993 டிசம்பரில் கொன்றார்கள். அதே ஆண்டு மே மாதம் கவிஞரும் பத்திரிகையாளருமான தாஹர் ஜாவுத்தைச் சுட்டார்கள், ஜூன் 2 அன்று உயிர் பிரிந்தது.

இவர்களை வாசிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். கொலைச் செய்தியை முதலில் படித்தால் எல்லா வரியும் முன்னறிவிப்பு போலத் தெரியும். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஜாவுத்தின் முதல் தொகுப்பு 1975இல் வந்தது. அப்போது அவருக்கு 21 வயது, துப்பாக்கி எதிரில் இல்லை, முன்னால் நெடுங்காலம் இருப்பதாக நினைத்து எழுதிய இளைஞர். அந்தக் கவிதைகளை அப்படியே வாசியுங்கள். பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு, ஹபீப் தெங்கூரும் பியர் ஜோரிஸும் தொகுத்து 2012இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட வட ஆப்பிரிக்க இலக்கியத் தொகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. வாய்மொழிப் பாட்டுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். தடித்த புத்தகம், நூலகத்தில் எடுத்து அந்தப் பக்கங்களை முதலில் பாருங்கள்.