சக்கரத்தைப் பூட்டினால் சைக்கிளைப் பூட்டியதாகாது

போன வாரம் காரைக்குடி சந்திப்பில் பல்லவன் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். இன்னும் விடியவில்லை. கல்லூரிப் பையன் ஒருவன் புது சைக்கிளில் வேர்த்துக்கொட்ட வந்தான். மரத்தடியில் நிறுத்தினான், பின் சக்கரப் பூட்டை ‘டக்’கென்று அழுத்தினான், சாவியை உருவிக்கொண்டு நடைமேடைக்கு ஓடினான். கூப்பிட்டுச் சொல்வதற்குள் பெட்டியில் ஏறிவிட்டான். எனக்கு மனசே ஆறவில்லை. நானும் ஒரு காலத்தில் அச்சு அசல் இதையேதான் செய்தேன்.

பூட்டாமல் போவது, சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போவது எல்லாம் தப்பென்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். தப்பென்று தெரியாமலே நாம் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

பின் சக்கரப் பூட்டை மட்டும் நம்புவது

சைக்கிளோடு கடையிலேயே மாட்டித் தருகிறார்களே, அந்த வளையப் பூட்டு. அதன் கம்பி போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து சக்கரத்தைச் சுற்றவிடாமல் தடுக்கும். அதன் வேலை அவ்வளவுதான். ஏறி ஓட்டிக்கொண்டு போக முடியாது, தூக்கிக்கொண்டு போகலாம். முழுசாகத் தூக்கக்கூட வேண்டாம். கேரியரைப் பிடித்துப் பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தினால் போதும், முன் சக்கரத்தில் உருண்டு வந்துவிடும்.

2016-இல் கழனிவாசலில் குடியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போட நேரமில்லையென்று டீக்கடை ஓரமாக நிறுத்தி, அந்த வளையப் பூட்டைப் பூட்டிவிட்டு ஓடினேன். ராத்திரி திரும்பி வந்து பார்த்தால், ஸ்டாண்டு கால்கள் அழுந்திய இரண்டு பள்ளம் மட்டும் மண்ணில் இருந்தது. டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

“சாவி தொலைஞ்சு போச்சுண்ணேன்னு ஒரு பய சொன்னான் தம்பி. பார்க்கப் பாவமா இருந்துச்சு. ரோட்டைத் தாண்டுற வரைக்கும் நான்தான் பின்னாடி ஒரு கை பிடிச்சு விட்டேன்.”

அவர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை. பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால், சாவியைத் தொலைத்துவிட்டான் போலிருக்கிறது என்றுதான் நம் ஊரில் யாருக்கும் தோன்றும். பட்டப்பகலில், கடைத்தெரு நடுவே, நாலு பேர் உச்சுக்கொட்ட அவன் போய்விடுவான். பத்து வருஷம் ஆகப்போகிறது, இன்றைக்கும் அப்படி நிற்கிற சைக்கிளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பத்தா ஒன்று சொன்னார்: “ஆட்டுக்குட்டி காலைக் கட்டிப்போட்டா ஓடாதுதான். தூக்கிட்டுப் போறவனுக்கு அதுதானப்பா வசதி.”

வளையப் பூட்டு வேண்டாமென்று சொல்லவில்லை. அது துணைப் பூட்டாக இருக்கட்டும். முதல் பூட்டு சைக்கிளை, தரையில் ஊன்றிய ஏதாவது ஒன்றோடு பிணைக்க வேண்டும். அதிலும் முன் சக்கரத்தை மட்டும் கம்பியோடு கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அச்சில் உள்ள இரண்டு நட்டைக் கழற்றினால் சக்கரம் கம்பியில் நிற்கும், மிச்ச வண்டி போய்விடும். பின் சக்கரத்தின் ரிம், பிரேம், ஊன்றிய கம்பி இந்த மூன்றும் ஒரே பிணைப்புக்குள் வரவேண்டும். சீட்டுக்குக் கீழே, பின் சக்கரத்தை ஒட்டிப் பிரேம் முக்கோணமாகக் கூடும் இடம்தான் அதற்குத் தோது.

சங்கிலியைப் பார்க்காமல் பூட்டை மட்டும் பார்ப்பது

அதற்குப் பிறகு ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கினேன். 2019-இல் நம் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது. அந்தப் பெருமைக்குத் தகுந்த பூட்டுதான். ஆனால் அதோடு நான் வாங்கியது ஹார்டுவேர் கடையில் எடை போட்டுத் தரும் சங்கிலி. அது இளகிய இரும்பு. போல்ட் கட்டர் ஒரு அழுத்தில் துண்டாக்கிவிடும். வாங்குமுன் ஒரு கண்ணியின் மேல் அரத்தை இழுத்துப் பாருங்கள். அரம் கடித்துப் பொடி உதிர்ந்தால் அது பதப்படுத்தாத இரும்பு. வழுக்கிக்கொண்டு போனால் வாங்கலாம். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் பூட்டு தடிமனாகத் தெரியும். உள்ளே இருப்பது முறுக்கிய மெல்லிய கம்பிகள். கையடக்கமான கட்டர் அதை ஒவ்வொரு இழையாக நறுக்கிவிடும். ரயில் பயணத்துக்கு, ஒரு பகல் முழுக்க விட்டுவிட்டுப் போகிற வண்டிக்கு, அது ஆகவே ஆகாது.

தரையில் தொங்கவிடுவது

பூட்டு தரையைத் தொட்டால் தரையே பட்டறைக்கல்லாகிவிடும், மேலிருந்து சுத்தியலால் அடிக்கலாம். உயரமாக, இறுக்கமாக, இடைவெளி விடாமல் பூட்டுங்கள். சாவித் துளை கீழ்ப்பக்கம் பார்க்கட்டும், மழைத் தண்ணீர் இறங்காது.

ஆட்டிப் பார்க்காத கம்பி

ஆட்டிப் பாருங்கள். பலகை மாட்டிய கம்பங்கள் சில, குழியிலிருந்து அப்படியே உருவிக்கொண்டு வரும். தலைக்கு மேல் பலகை இல்லாத குட்டைக் கம்பம் என்றால் சைக்கிளையே மேலே தூக்கி எடுத்துவிடலாம். சக்கர நாற்காலிச் சாய்தளத்தின் கைப்பிடியில் மட்டும் எக்காரணம் கொண்டும் கட்டாதீர்கள்.

ஒரு பூட்டின் இரண்டு சாவியும் ஒரே வளையத்தில்

வேண்டாம்.

ஸ்டாண்டில் போட்டாச்சே என்று இருந்துவிடுவது

கட்டண ஸ்டாண்டு நல்லதுதான். ஆனால் கூட்டம் ஏறும்போது ஸ்டாண்டுக்காரர் வண்டிகளை நகர்த்தித்தான் ஆகவேண்டும். நடு வரிசையில் கம்பியோடு பிணைத்துவிட்டால் அவருக்கு இடைஞ்சல். “ராத்திரிதான் வருவேன், ஓரத்துக் கம்பியில கட்டிக்கட்டுமாண்ணே?” என்று கேளுங்கள். இந்தப் பேச்சுக்கும் பூட்டுவதற்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் முன்னாலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள். அவசரத்தில் பூட்டுகிறவன் வளையப் பூட்டைத்தான் அழுத்துவான்.

பில்லைத் தூக்கிப் போடுவது

என் சைக்கிள் போனபோது அடையாளமாக நான் சொன்னது “கறுப்பு கலர் சார்” என்பது மட்டும்தான். பிரேம் எண் தெரியாது, பில் கையில் இல்லை. வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் உள்ள கிரீஸைத் துணியால் துடைத்தால் பெரும்பாலான சைக்கிள்களில் எண் தெரியும். சிலவற்றில் சீட்டுக்குக் கீழுள்ள குழாயில் இருக்கும்.

பில் இப்போது முன்பைவிட முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி, திருட்டுப் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால், நீதித்துறை நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வில் இறங்க முடியாது. 6,000 கொடுத்து வாங்கிய வண்டியைப் பில் இல்லாமல் 6,000 என்று எப்படிக் காட்டுவீர்கள்? எண்ணையும் பில்லையும் இன்றைக்கே படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.