முடி ஏன் கொட்டுகிறது? எண்ணெய் வாங்குவதற்கு முன் ஆண்கள் பார்க்க வேண்டியவை

முடி கொட்டுகிறது என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு எண்ணெய் சொல்வார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எதைத் தடவினாலும் காசுதான் கரையும். ஒரு கைபேசி, ஒரு வெள்ளைத்தாள், வீட்டுப் பெரியவர்களின் பழைய போட்டோக்கள். இவை இருந்தால் தொடங்கலாம்.

படி 1: எங்கே கொட்டுகிறது?

தலை நன்றாகக் காய்ந்தபின் ஜன்னல் வெளிச்சத்தில் நெற்றி, உச்சி, பின்னந்தலை மூன்றையும் படமெடுங்கள். நெற்றியின் இரு ஓரமும் மேலேறி, உச்சியும் மெலிந்து, பின்பக்கமும் காதோரமும் மட்டும் அடர்த்தியாக இருந்தால் அது பெரும்பாலும் பரம்பரை வழுக்கை. காசு அளவுக்கு வட்டமாக, வழவழவென்று திடீரென விழுந்தால் புழுவெட்டு. நம் நோய் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருவது. அரிப்பு, செதில், சீழ் இருந்தால் தொற்றாக இருக்கலாம். இவற்றுக்கு நேராகத் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

படி 2: முடியையே பாருங்கள்

உச்சியில் உதிர்ந்த முடி ஒன்று, பின்னந்தலை முடி ஒன்று. இரண்டையும் வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உச்சி முடி குட்டையாக, பூனைமுடி மாதிரி மெலிந்திருந்தால் வேர்கள் சுருங்கத் தொடங்கிவிட்டன என்று சந்தேகிக்கலாம். நுனியில் வெள்ளைக் குமிழ் தெரிந்தால் வேரோடு வந்துவிட்டது என்று பதற வேண்டாம். ஆயுள் முடிந்து உதிரும் முடி அப்படித்தான் இருக்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை போவது இயல்பு.

படி 3: காலண்டரைப் புரட்டுங்கள்

தலை முழுக்கச் சீராக, கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறதா? இரண்டு மூன்று மாதத்துக்கு முன் டெங்கு, டைபாய்டு, அறுவை சிகிச்சை, பட்டினி டயட் ஏதாவது இருந்ததா என்று யோசியுங்கள். அப்படி இருந்தால், இந்த உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானே நிற்கும். நிற்காவிட்டால் தைராய்டும் இரும்புச்சத்தும் பார்க்க வேண்டும்.

படி 4: இரண்டு பக்கச் சொந்தமும்

தாய்மாமன் தலையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். பாதி சரி. ஆண் ஹார்மோனை ஏற்கும் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு அது அம்மாவிடமிருந்துதான் வரும். ஆனால் வழுக்கையில் பங்குள்ள வேறு பல மரபணுக்கள் மற்ற குரோமோசோம்களிலும் உள்ளன. அப்பா, சித்தப்பா தலைகளையும் கணக்கில் சேருங்கள்.

படி 5: ஹார்மோன் என்ன செய்கிறது?

டெஸ்டோஸ்டிரோனை ஒரு நொதி டிஹெச்டி என்ற வீரியமான வடிவமாக மாற்றுகிறது. மரபணுவால் அதற்கு இளகிக்கொடுக்கும் வேர்கள், முடி வளர்ந்து உதிரும் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போகும். பின்னந்தலை வேர்கள் அதற்கு அவ்வளவாக மசிவதில்லை. முடி நடுபவர்கள் அங்கிருந்து எடுப்பது அதனால்தான்.

வழுக்கைக்கு ஆண் ஹார்மோன் தேவை என்பதை 1942இல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் தெளிவாகக் காட்டினார். பருவம் வருமுன் விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழுந்தது. ஹார்மோன், பரம்பரை இரண்டும் சேர வேண்டும். வழுக்கை விழுந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும் என்பதால், அதற்கென்று ரத்தப் பரிசோதனைக்கு ஓடுவது வீண். ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி போடுபவர்களின் கதை வேறு. பரம்பரை இருந்தால் அது வேகத்தைக் கூட்டும்.

படி 6: மருந்து

பரம்பரை வழுக்கைக்கு நல்ல ஆதாரம் உள்ளவை இரண்டு. தலையில் தடவும் மினாக்சிடில் முதல் சில வாரங்கள் உதிர்வைக் கூட்டலாம். பயந்து நிறுத்திவிடாமல் ஆறு மாதமாவது பாருங்கள். டிஹெச்டியைக் குறைக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் வாங்கவே கூடாது. சிலருக்குப் பாலியல் நாட்டம் குறையும், மனச்சோர்வும் வரலாம். எதை நிறுத்தினாலும் கிடைத்த முடி போய்விடும். உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. புராஸ்டேட்டுக்காகப் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை செய்தால், இந்த மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை பிஎஸ்ஏ அளவைச் சுமார் பாதியாகக் குறைத்துக் காட்டும்.