ஸ்லைடரைத் தொடும் முன் கேப்ஷனை எழுதுங்கள்

புகைப்படக் கலை படிப்பில் நான் இறுதியாண்டு. ஜூனியர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "இந்தப் படத்தை இவ்வளவு எடிட் பண்ணலாமா?" என்று கேட்பார்கள். "கேப்ஷன் எழுதியாச்சா?" என்று, அதாவது படத்தை விளக்கும் வரிகளை எழுதியாயிற்றா என்று, நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். படத்தை எடுப்பது, கம்ப்யூட்டரில் ஏற்றுவது, எடிட்டிங் மென்பொருளில் வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை இழுப்பது, சமர்ப்பிக்கும் நேரத்தில் அவசரமாக ஒரு வரி எழுதுவது என்றுதான் எல்லோரும் பழகியிருக்கிறோம். இந்த வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் தேர்வு, அப்புறம் கேப்ஷன், அதன் பிறகே எடிட்டிங். எடிட்டிங் பற்றிய சந்தேகங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

தேர்வில் நம்மைக் குழப்புவது நம் ஞாபகம்தான். மழையில் நனைந்துகொண்டே காத்திருந்தது, கடைசி நொடியில் அந்த ஆள் திரும்பிப் பார்த்தது எல்லாம் படத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பார்க்கிறவருக்கோ நான்கு ஓரங்களுக்குள் இருப்பது மட்டும்தான் தெரியும். அதனால் எடுத்த அன்றே தேர்வு செய்ய உட்காராதீர்கள். சில நாட்கள் ஆறப்போட்டால், பட்ட கஷ்டம் மறந்துபோய் படம் மட்டும் மிஞ்சும்.

ஆறிய பிறகு எல்லாப் படங்களையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவில் முகபாவமோ துணியின் இழையோ தெரியாது. வெளிச்சம் எங்கே விழுகிறது, வடிவங்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பது மட்டும்தான் தெரியும். அப்போதும் கண்ணை நிறுத்துகிற படங்களைத் தனியே வையுங்கள். அடுத்து ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, நடுவை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் சுற்றி வாருங்கள். பாதி வெட்டுப்பட்ட கை, தலைக்குப் பின்னால் முளைத்த கம்பம், மூலையில் எட்டிப் பார்க்கும் வெள்ளைத் துணி எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். 'இது முகம், இது கை' என்று மூளை பெயர் சொல்வது கொஞ்சம் குறைந்து, எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது என்று கண் பார்க்க ஆரம்பிக்கும்.

கடைசியாக, அந்த இடத்துக்கு வராத ஒருவரிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் அன்புக்காக ஆமாம் என்பார்கள். "முதலில் என்ன தெரிகிறது? அடுத்து கண் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். மற்றவர் படத்தைப் பற்றிப் பேசும்போதும் இதே முறைதான். 'அழகு', 'சூப்பர்' போன்ற சொற்களால் எடுத்தவருக்கு எந்தப் பயனும் இல்லை. "என் கண் முதலில் ஜன்னலுக்குப் போனது, குழந்தையைக் கண்டுபிடிக்க நேரமானது" என்று சொன்னால் அவரால் அதை வைத்து வேலை செய்ய முடியும்.

நிறையப் படங்களைக் கழிக்க மனசு வரவில்லை என்றால் புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1955 முதல் 1957 வரை அமெரிக்கா முழுக்கச் சுற்றி 27,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர் அவர். அந்தப் பயணத்தின் புத்தகத்தில் வைத்தது 83.

இனி கேப்ஷன். கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரைப் பற்றி நான் ஒரு தொடர் செய்துகொண்டிருக்கிறேன். அதில் எனக்குப் பிடித்த படத்தில் அவர் முகம் பாதி இருட்டில் இருக்கிறது. கண்ணில் பூதக்கண்ணாடி, சாமணத்தின் நுனியில் அரிசியை விடச் சிறிய ஒரு திருகு, அதன் மேல் மேசை விளக்கின் ஒளி. பின்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. தபால்தலை அளவில் பார்த்தால் முதலில் தெரிவது அந்த நாற்காலிதான்.

எடிட் செய்யும் முன் நான் எழுதியது இது: "கடிகாரம் பழுதுபார்ப்பவர் மாலை நேரத்தில் தன் கடையில் வேலை செய்கிறார். நான் கேட்டுக்கொண்டதால் விளக்கைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்." அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதத்தான் கை தயங்கும். அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். எழுதத் தயக்கமாக இருக்கிற ஒன்றைச் செய்துவிட்டு, படத்தை, நடந்ததை நடந்தபடியே காட்டும் ஆவணப் புகைப்படம் என்று கொடுக்க முடியாது. விளக்கை நகர்த்தச் சொன்னேன், ஆகவே இது அவருடைய சம்மதத்தோடு எடுத்த போர்ட்ரெய்ட், அதாவது உருவப்படம். அந்த வகையில் நல்ல படம். ஆவணத் தொடரில் அது சேராது. யார், என்ன, எங்கே, எப்போது என்பதோடு, 'நான் எதையாவது மாற்றச் சொன்னேனா?' என்பதையும் கேப்ஷனில் சேர்த்துவிடுங்கள்.

கேப்ஷனுக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. பொய் நுழைய ஃபோட்டோஷாப் தேவையே இல்லை. 2009-இல் வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டியில் வென்றது, இரவில் ஒரு ஓநாய் வேலிக்கதவைத் தாண்டிக் குதிக்கும் படம். அது பழக்கப்படுத்தப்பட்ட விலங்காக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்ததால், 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் அதை மறுத்தார். அங்கே பிரச்சினை எடிட்டிங்கில் இல்லை. காட்டு ஓநாய் என்று படம் சொன்னதே கேள்விக்குள்ளானது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒன்று உண்டு. 1994 ஜூனில் முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனைக் கொலை வழக்கில் கைது செய்தபோது போலீஸ் எடுத்த படத்தை டைம், நியூஸ்வீக் இரண்டு பத்திரிகைகளும் அட்டையில் போட்டன. நியூஸ்வீக்கில் இருந்தது எடுத்தபடியே. டைம் அட்டையில் முகம் கறுத்து, ஓரங்கள் இருண்டிருந்தன. படத்திலிருந்து எதையும் நீக்கவில்லை, எதையும் ஒட்டவில்லை. டோனை, அதாவது வெளிச்சம், இருட்டின் அளவை மட்டும்தான் மாற்றினார்கள். விசாரணை தொடங்கும் முன்பே ஒரு கறுப்பின மனிதரைப் பயங்கரமானவராகக் காட்டிவிட்டது என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 'நான் எதையும் அழிக்கலையே, டோன் மட்டும்தானே' என்று சொல்பவர்களுக்கு அந்த இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

கேப்ஷன் உண்மையாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், செய்திப் படத்துக்குப் போதாது. 2014 ஜனவரியில் நார்சிசோ கோன்ட்ரேராஸ் என்ற புகைப்படக்காரருடன் ஏபி செய்தி நிறுவனம் உறவை முறித்துக்கொண்டது. சிரியாவில் ஒரு போராளியை எடுத்த படத்தின் மூலையில் சக பத்திரிகையாளர் ஒருவரின் வீடியோ கேமரா கிடந்தது. அதை அவர் அழித்திருந்தார். போராளி உண்மை, போர் உண்மை, கேப்ஷனில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அவருடைய மற்ற படங்களையும் சோதித்தார்கள், வேறு எதிலும் கைவைத்ததாகத் தெரியவில்லை. இது அதிகப்படியான தண்டனை என்று வகுப்பில் சிலர் வாதிட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இன்று அழித்தது முக்கியமில்லாத பொருள், நாளை அழிப்பது முக்கியமானது என்றால், அந்த வித்தியாசத்தைப் படம் பார்க்கிறவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? அவருக்கு வழியே இல்லை. அதனால்தான் கோட்டை அவ்வளவு முன்னாலேயே போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் க்ராப் செய்வது, அதாவது படத்தின் ஓரங்களை வெட்டுவது மட்டும் எப்படிச் சரி, அதுவும் நீக்குவதுதானே என்ற கேள்வி உடனே வரும். இதற்கு நான் பார்த்த மிகத் தெளிவான உதாரணம் 2010 வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற செய்திப் புகைப்படப் போட்டியில் நடந்தது. ஸ்டெபான் ரூடிக் என்பவரின் படத்தில் ஒரு கைக்குக் கட்டுப்போடுகிறார்கள். மூலப்படம் மிகப் பெரிய காட்சி. அதிலிருந்து ஒரு சிறு பகுதியை வெட்டியெடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, ஓரங்களை இருட்டாக்கியிருந்தார். நடுவர்கள் பரிசைப் பறித்தது அதற்காக இல்லை. விரல்களுக்கு அருகே தெரிந்த இன்னொருவரின் பாதத்தின் துணுக்கை அவர் அழித்திருந்தார், அதற்காகத்தான்.

முதலில் கேட்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கும். யோசித்தால் நியாயம் புரியும். ஃப்ரேமுக்கு வெளியே உலகம் இருக்கிறது என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஃப்ரேமுக்குள்ளே ஒரு ஓட்டை போட்டு மூடியிருப்பார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. முதலாவதில் பார்ப்பவருக்கு எச்சரிக்கை இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. ஆனால் க்ராப்புக்கும் எல்லை உண்டு. துப்பாக்கி நீட்டுகிறவரை வெட்டிவிட்டு, கையைத் தூக்கி நிற்பவரை மட்டும் வைத்தால், அனுமதிக்கப்பட்ட கருவியைக் கொண்டே பொய் சொன்னதாகிவிடும். அங்கே மறுபடியும் கேப்ஷனிடம்தான் போக வேண்டும்.

சரி, என் சிவப்பு நாற்காலி. படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து இன்னொன்றை மறைக்கும் குளோன் ஸ்டாம்ப் கருவியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போய்விடும். ஆவணத் தொடருக்கு அது கூடாது. செய்யக்கூடியவை என்னென்ன என்று பார்த்தேன். வலப்பக்கம் க்ராப் செய்யலாம், ஆனால் பெரியவரின் தோள் போய்விடும். கறுப்பு வெள்ளையாக்கினால் சிவப்பின் இழுப்பு அடங்கிவிடும், ஆனால் விளக்கின் மஞ்சளும் சேர்ந்து போகும். நாற்காலியை லேசாக பர்ன் செய்யலாம், அதாவது அந்த இடத்தை மட்டும் இருட்டாக்கலாம். 'லேசாக' என்பது முக்கியம். பின்னணியையே காணாமல் போக்கும் அளவுக்கு இருட்டாக்குவதை ஏபியின் விதிகள் அனுமதிப்பதில்லை, படத்தில் சிவந்த கண்ணைச் சரிசெய்வதைக்கூட அனுமதிப்பதில்லை. மிச்சமிருப்பது நான்காவது வழி. மறுபடியும் கடைக்குப் போய், விளக்கைத் தொடாமல், இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்று எடுப்பது. மாணவர்களாக இருக்கும்போதே இதைப் பழகிக்கொள்வது நல்லது. குளோன் செய்து தப்பிக்கும் ஒவ்வொரு முறையும், எங்கே நின்று எடுத்திருக்க வேண்டும் என்பதைக் கற்காமல் விடுகிறோம்.

டோன் வேலைக்கு வருவோம். கண் சீக்கிரம் பழகிவிடும் உறுப்பு. சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை ஏற்றிவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், அதுவே மங்கலாகத் தெரிந்து இன்னும் ஏற்றத் தோன்றும். அதனால் எழுந்து போய்விட்டு வந்து, மூலப்படத்தையும் எடிட் செய்ததையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கண் கூசினால் ஸ்லைடரைப் பாதிவரை திரும்ப இறக்குங்கள். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தையும் கவனியுங்கள். இடது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் நிழலுக்குள் இருந்த விவரங்கள் அழிந்துவிட்டன என்று அர்த்தம். டோனாலும் பொருட்களை அழிக்க முடியும். 2015 வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவில் கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் 20 சதவீதம், மூலக் கோப்புகளோடு ஒப்பிட்டபோது வெளியேற்றப்பட்டன. எனக்கு நானே வைத்துக்கொண்ட சோதனை ஒன்று உண்டு: படத்தில் இருப்பவரையும் அன்று அங்கே இருந்த இன்னொருவரையும் உட்காரவைத்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்ட எனக்குத் தைரியம் இருக்கிறதா?

இத்தனையும் செய்தி, ஆவணம் சார்ந்த படங்களுக்கு. கலைப் படத்தில் நீங்கள் வானத்தைப் பச்சையாக்கினாலும் யாரையும் ஏமாற்றவில்லை, அதை ஆவணம் என்று கொடுக்காத வரையில். நிலக்காட்சிக்குப் பெயர்போன ஆன்ஸல் ஆடம்ஸ், 1944-இல் சியரா நெவாடாவில் எடுத்த குளிர்காலச் சூரிய உதயப் படத்தில், குன்றின் மேல் பள்ளி மாணவர்கள் வெள்ளையடித்து எழுதியிருந்த எழுத்துகளை நீக்கிவிட்டார். அவர் தன்னைச் செய்தியாளராக முன்வைக்கவில்லை.

போர்ட்ரெய்ட்டில் நான் பின்பற்றுவது ரீடச் செய்பவர்களிடையே, அதாவது தோற்றத்தைத் திருத்துபவர்களிடையே வழக்கத்தில் உள்ள ஒன்று. பரு சில நாட்களில் போய்விடும், அதை எடுக்கலாம். மச்சமும் தழும்பும் அந்த ஆளோடு இருப்பவை, அவர் கேட்காமல் தொடக்கூடாது. மூக்கின் வடிவம், இடுப்பின் அளவு, தோலின் நிறம் மூன்றிலும் நான் கைவைப்பதில்லை. தோலின் நிறத்தை வெளுக்கச் சொல்பவர்களிடம் நேரடியாக மறுத்துவிடுகிறேன். விளம்பரப் படங்களில் மாடலின் உடல்வாகை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றினால், படம் ரீடச் செய்யப்பட்டது என்று குறிப்பிட வேண்டும் எனப் பிரான்ஸில் 2017 அக்டோபர் முதல் சட்டமே இருக்கிறது.

ஏஐ கருவிகளில், படத்தில் இல்லாததை உருவாக்கி நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில்லைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் அதிகம் பயப்படுவது நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்) நீக்கும், படத்தைப் பெரிதாக்கும் கருவிகளுக்கு. தூரத்தில் மங்கலாக இருக்கும் முகத்துக்கு அவை இல்லாத பல்லையும் இமையையும் வரைந்து கொடுத்துவிடும், பெயர்ப்பலகையில் இல்லாத எழுத்தை எழுதிவிடும். அவற்றைப் பயன்படுத்தினால் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகத்தையும் மூலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விடாதீர்கள். 2024 மார்ச்சில் பிரிட்டிஷ் இளவரசி கேத்தரின் குழந்தைகளோடு இருக்கும் படத்தை, அது எடிட் செய்யப்பட்டது என்று ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி ஆகிய செய்தி நிறுவனங்கள் எல்லாம் திரும்பப் பெற்றன. அதற்கு முக்கியத் தடயம் ஒரு குழந்தையின் சட்டைக் கைப்பகுதி சரியாகப் பொருந்தாமல் நின்றதுதான். அவ்வளவு சின்ன இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள்: தொடாத ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பு), எடிட் செய்த படம், எழுதிய கேப்ஷன். ரா ஃபைலை ஒருபோதும் அழிக்காதீர்கள், போட்டிகளில் நடுவர்கள் அதைத்தான் கேட்பார்கள். கேப்ஷனுக்குக் கீழே என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். கடிகாரக்காரர் போர்ட்ரெய்ட்டுக்கு நான் எழுதியிருப்பது: "இடப்பக்கம் க்ராப். ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்) சரிசெய்தது. பின்னணியில் நாற்காலி சற்று பர்ன். எதுவும் நீக்கவோ சேர்க்கவோ இல்லை." இதைத் தனித் தாளில் எழுதினால் தொலைந்துபோகும். ஃபைலோடு சேர்ந்தே இருக்கும் தகவல் பகுதியான மெட்டாடேட்டாவில் விளக்கத்துக்கென்று இருக்கும் இடத்திலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் ஏற்றுமதி செய்யும்போது மெட்டாடேட்டாவை நீக்கும் தேர்வு டிக் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.