அரெனால் எரிமலை அருகே விடுதி எடுக்கும் முன்

கோஸ்டா ரிகாவில் அரெனால் எரிமலைப் பக்கம் காட்டு விடுதி தேடுபவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1968-இல் வெடித்து, பல ஆண்டுகள் குமுறிய அந்த மலை 2010-க்குப் பிறகு அமைதியாகிவிட்டது. இரவில் நெருப்புக் குழம்பு வழியும் படங்கள் எல்லாம் பழையவை. அவற்றைப் பார்த்து அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் வெந்நீர். "வெந்நீர்க் குளம் உண்டு" என்று விடுதிக்காரர் சொன்னால், ஊற்று நீரா, ஹீட்டரில் சூடாக்கியதா என்று கேட்டுவிடுங்கள். ஊற்று இல்லையென்றாலும் கவலை வேண்டாம். லா ஃபோர்ச்சுனா ஊரைச் சுற்றியுள்ள வெந்நீர் ஊற்றுகள் பலவற்றில் வெளியாட்களுக்கும் ஒருநாள் டிக்கெட் உண்டு. தபகோன் என்ற வெந்நீர் ஊற்று விடுதி அருகே சாலையை ஒட்டி ஓடும் வெந்நீர் ஆற்றில் காசில்லாமலே குளிக்கலாம். அடர்ந்த மரங்களுக்கு நடுவே, சூடான ஓடும் நீரில் உட்காரும் சுகம் எந்தத் தொட்டியிலும் வராது. பலத்த மழை பெய்து தண்ணீர் ஏறியிருந்தால் மட்டும் இறங்காதீர்கள்.

கார் இல்லையா? லா ஃபோர்ச்சுனாவிலேயே தங்குங்கள். கார் இருந்தால், ஆரம்பத்தில் எரிமலை ஆய்வாளர்களுக்காகக் கட்டப்பட்ட அரெனால் அப்சர்வேட்டரி லாட்ஜைப் பாருங்கள். மலை கண்ணெதிரே நிற்கும். ஆனால் ஊர் தூரம்.

மலையை அடிக்கடி மேகம் மூடிக்கொள்ளும். குறைந்தது மூன்று இரவு தங்கி, விடியற்காலையில் எழுந்து பாருங்கள்.