வீட்டுல செய்யுற, தோலுக்குத் தடவுற க்ரீம் திப்பிதிப்பியா இல்லாம வழுவழுன்னு வர்றதுக்கு

நம்ம பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மார்கழில தேங்காண்ணெய் பாட்டில்லயே உறைஞ்சு நிக்கும், சித்திரைல தண்ணி மாதிரி ஓடும், ஏன்னா 24 டிகிரி பக்கத்துல அது உருகிரும். அதனால தேங்காண்ணெய் மட்டும் போட்டு க்ரீம் பண்ணாதீங்க, பாதிக்குப் பாதி சூரியகாந்தி எண்ணெய் கலந்துக்கோங்க.

100 கிராமுக்கு அளவு: டிஸ்டில்டு வாட்டர் 72, கிளிசரின் 4, சாந்தன் கம் (தண்ணியைக் கெட்டியாக்குற பொடி) 0.2, ரெண்டு எண்ணெயும் சேர்த்து 15, எமல்சிஃபையிங் வேக்ஸ் (தண்ணியையும் எண்ணெயையும் பிரியாம சேர்த்து வைக்கிற மெழுகு) 6, சீட்டைல் ஆல்கஹால் (க்ரீமை இறுக வைக்கிற, மெழுகு மாதிரிப் பொருள்) 2, ஃபீனாக்ஸிஎத்தனால் பிரிசர்வேட்டிவ் (கிருமி வளராமத் தடுக்கிறது) 0.8. ஸ்பூன் கணக்கு வேண்டாங்க, சின்ன டிஜிட்டல் தராசு கட்டாயம் வேணும். அந்த வேக்ஸுக்குப் பதிலா தேன்மெழுகு மட்டும் போட்டா தண்ணியும் எண்ணெயும் பிரிஞ்சிரும்.

முதல்ல சாந்தன் கம்மை கிளிசரின்ல நல்லா குழைச்சுட்டு அப்புறமா தண்ணில விடுங்க, நேரா தண்ணில தூவினா கட்டி கட்டியா நிக்கும், அப்புறம் எவ்வளவு அடிச்சாலும் கரையாது.

அடுத்து எண்ணெய், வேக்ஸ், சீட்டைல் ஆல்கஹால் ஒரு பாத்திரத்துல, தண்ணி இன்னொண்ணுல, ரெண்டையும் கொதிக்கிற தண்ணிக்குள்ள வச்சு 70-75 டிகிரிக்குக் கொண்டு வாங்க. ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கணும், இதுதான் ரொம்ப முக்கியம், தண்ணி ஆறிப்போய் இருந்தா எண்ணெய்ல விட்ட உடனே வேக்ஸ் உறைஞ்சு அதுதான் திப்பியா கைல தட்டும். ஆவியாப் போன தண்ணியை எடை போட்டுப் பாத்து சுடுதண்ணியாவே ஈடுகட்டிருங்க.

இப்ப தண்ணியை எண்ணெய்ல ஊத்தி ஹேண்ட் பிளெண்டரை அடி வரைக்கும் முக்கி விட்டு விட்டு அடிங்க, மேல தூக்கினா காத்து புகுந்து நுரையாயிரும். வெள்ளையா திரண்டதும் பிளெண்டரை வச்சுட்டு கரண்டியால மெதுவா ஆறுற வரைக்கும் கிண்டிட்டே இருங்க, பாதில விட்டுட்டுப் போகாதீங்க, வழுவழுப்பு வர்றதே இந்தக் கிண்டல்லதாங்க. 40 டிகிரிக்குக் கீழ வந்ததும் பிரிசர்வேட்டிவ் சேருங்க. விட்டமின் ஈ போட்டா போதும்னு நெறைய பேர் சொல்றாங்க, அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமப் பாத்துக்கும், கிருமியைத் தடுக்காது, தண்ணி சேர்ந்த க்ரீம்ல தயவுசெஞ்சு பிரிசர்வேட்டிவை விட்றாதீங்க.

மறுநாள் வரைக்கும் க்ரீம் இறுகிட்டே வரும், அதுக்கப்புறமா தடவிப் பாருங்க. பிசுபிசுன்னு இருந்தா அடுத்த தடவை எண்ணெயை 10 ஆக்கி தண்ணியை 5 கூட்டுங்க, தேய்க்கும்போது வெள்ளைக் கோடு விழுந்தா வேக்ஸை 5 ஆக்கி தண்ணியை 1 கூட்டுங்க, ஓடுற மாதிரி இருந்தா சீட்டைல் ஆல்கஹாலை 3 ஆக்கி தண்ணியை 1 குறைங்க.